ஆண்டனா தங்கையன்

மேலேவிளை,
உதியன்குளங்கரை வழி,
9 மார்ச் 1993

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு,

நானும் ஜிஜியும் சுகமாக இருக்கிறோம். ஜிஜி முழுச் சுகம், நான் முக்கால்வாசி. மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ போன லீவில் கொண்டுவந்த டி.வி.யில் இத்தனை நாளும் எல்லோரும் கொட்டும் மழையில் நின்றுதான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டனா திரும்பிவிட்டது என்றான் ராஜதாஸ். பக்கத்து வீட்டுக்காரன், டி.வி. மெக்கானிக் வேறு. அவனே ஏறப்போனான். இந்தச் சின்ன வேலைக்கு நீ எதற்கு, கீழே நின்று படத்தைப் பார் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஏறினேன். டுட்டோரியல் காலேஜில் சரித்திரம் நடத்துகிறவனுக்கு ஓட்டுக்கூரையில் என்ன வேலை என்று நீ கேட்பாய். ஓடும் அதையேதான் கேட்டது.

"கொஞ்சம் கெழக்கோட்டு சாரே... இன்னும்... போரும், போரும், கிட்டியாச்சு!" என்று ராஜதாஸ் கத்தினான். அந்தச் சந்தோஷத்தில் காலை மாற்றி வைத்தேன். நானும் ஆண்டனாவும் ஒன்றாக முற்றத்துக்கு வந்தோம். அதன் அலுமினியக் கம்பி ஒன்று என் இடது கன்னத்தைக் கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம் வரை திறந்துவிட்டது. கோழி அறுத்தாலே நான் வீட்டை விட்டு வெளியே போகிறவன் என்பது உனக்குத் தெரியும். ரத்தத்தைக் கண்டதும் மயங்கிவிட்டேன். ராஜதாஸ் தான் உடுத்திருந்த வேட்டியை அவிழ்த்து என் முகத்தைக் கட்டி, உள்நிக்கரோடு ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றங்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். வழிநெடுகச் சனம் பார்த்ததாம்.

அன்றைக்குத்தான் கோயில் திருவிழாவின் ஆறாட்டு. வழக்கம்போல் வெட்டுக்குத்து. எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன் தன் காதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்திருந்தான். தைத்த பையன் படித்துக்கொண்டிருக்கிற டாக்டர். கண் என் கன்னத்திலும் மனம் அந்தக் காதிலும் இருந்தது. வெட்டுப்பட்டவர்களை எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் என்னிடமும் வந்தார். ஆண்டனா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி சாரே. நீங்க ஆண்டனா எண்ணு சொல்லுங்க, நான் ஆண்டனா எண்ணு எழுதுதேன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஜிஜி ராஜதாஸ் வீட்டில்தான் சாப்பாடும் உறக்கமும். ஸ்ரீகலா தன் மகள் ஸ்மிதாவுக்குப் பிசைந்த சோற்றிலேயே இவளுக்கும் உருட்டிக் கொடுக்கிறாள். ஆண்டனாவை ராஜதாஸ் மறுநாளே ஏறிக் கட்டிவிட்டான். இப்போது செய்தி வாசிப்பவரின் மூக்கு மயிர்கூடத் தெரிகிறது.

உன்
தங்கையன்


மஸ்கட்,
24 மார்ச் 1993

ஜிஜி அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு ஆத்திரம் வந்தது. அந்த வரிசையில்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். தையலைப் பற்றி ஒரு வார்த்தை சரியாக எழுதவில்லை. சீழ் உண்டா? வாய் முழுக்கத் திறக்க முடிகிறதா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் நர்ஸ், பயப்பட மாட்டேன்.

ஊருக்கு வரும் ஒரு பெண்ணிடம் ராஜதாஸுக்கு நல்ல வேட்டி ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். ஸ்ரீகலாவுக்கும் ஸ்மிதாவுக்கும் துணி. அந்த மனிதன் நிக்கரோடு ரோட்டில் போனதை நாம் மறக்கக் கூடாது.

இங்கேயும் வெட்டுக்குத்துக்குக் குறைவில்லை. நேற்று இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். இருவரும் பூவார் பக்கம், ஒரே தெரு. ஊரில் ஒருவன் கல்யாணத்துக்கு மற்றவன் பந்தல் போட்டவன். இங்கே தகரக்கூரை போட்ட ஒரே அறையில், மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று தொடங்கி, ஒருவன் மற்றவனின் தாடையைக் கம்பியால் உடைத்துவிட்டான். உடைத்தவன் வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "சிஸ்டரே, நாட்டில வச்சு நான் ஒரு பூச்சியக் கொன்னதில்ல. அந்த அறையாக்கும் என்னக் கொண்டு செய்யிச்சது" என்கிறான். அறையை நான் எந்த வார்டில் அட்மிட் செய்வது?

ஜிஜிக்கு என் முத்தம். கூரை ஏறாதீர்கள்.

ஸ்ரீகுமாரி


மேலேவிளை,
2 மே 1993

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு,

வேட்டி வந்தது. ராஜதாஸ் அதை உடுத்தாமல் பெட்டியில் வைத்திருக்கிறான். அடுத்து யாராவது விழுந்தால் கட்ட வேண்டுமே என்கிறான்.

தையல் பிரித்தாயிற்று. தழும்பு கண்ணுக்குக் கீழே தொடங்கி, பாதி வழியில் யோசித்துத் திரும்பி, உதட்டோரத்தில் முடிகிறது. நான் சிரித்தால் இடது பக்கம் சேர்ந்து சிரிப்பதில்லை. போட்டோ எடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆறாட்டு வெட்டில் நானும் இருந்தேனாம். நான் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொல்கிறேன். வேதமணியின் சாயாக்கடையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சாரே, எங்ககிட்டயுமா? ஆண்டனா வெட்டினா இப்பிடியா வெட்டும்?"

"வேதமணி, சத்தியமா ஆண்டனாதான்."

"சரி, ஆண்டனாதான். அந்த ஆண்டனா இப்ப உசிரோட உண்டா? அத மட்டும் சொல்லுங்க."

கடை முழுக்க மரியாதையாகத் தலையாட்டியது. நான் மறுக்க மறுக்க எதிரியின் எண்ணிக்கை கூடுகிறது. இப்போது என் பெயர் ஆண்டனா தங்கையன். இத்தனை வருஷம் பாடம் நடத்தி எனக்கு ஒரு பட்டப்பெயர்கூடக் கிடைத்ததில்லை.

டுட்டோரியலில் பத்தாம் வகுப்பு தோற்றவர்களின் கடைசி பெஞ்சு உனக்கு நினைவிருக்கும். நான் போர்டுப் பக்கம் திரும்பினால் ஆடு கத்தும். இப்போது கத்துவதில்லை. பிரெஞ்சுப் புரட்சியை வாழ்க்கையில் முதன்முறையாகக் கலவரமில்லாமல் நடத்தி முடித்தேன். பாறசாலை பஸ்ஸில் நான் ஏறினால் யாராவது எழுந்திருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்றேன். அவர்கள் கலங்கிவிடுகிறார்கள். அதனால் இப்போது உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் காந்திமதிநாத பிள்ளை வந்தார். பழைய சர்க்கார் குமஸ்தா. இன்னும் ரப்பர் தோட்டத்தைக் கோப்பு மாதிரியே பார்க்கிறவர். அவருக்கும் பொன்னையனுக்கும் ஒரு வழித்தகராறு. பொன்னையன் ராஜதாஸின் தாய்மாமன்தான். அதிர்க்கல் நட எல்லை அளக்கும் நாளில் இரண்டு பக்கமும் ஆள் கொண்டுவந்து நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். பிள்ளை என்னிடம், "நீரு ஒண்ணும் பேசண்டாம், ஒண்ணும் செய்யண்டாம். வந்து சும்மா இருந்தாப் போரும். நாற்காலி போட்டுத் தாறேன்" என்றார். பெரிய மனிதர், வீடு தேடி வந்து கேட்கிறார். போனேன். சும்மா இருக்கப் போரடிக்குமே என்று உலக சரித்திரப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்கம் பொன்னையனின் ஆட்கள் வெட்டுகத்தியோடு நின்றார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் அவர்களில் ஒருவன் மூத்திரம் போக ஒதுங்கினான். போனவர்கள் திரும்பவில்லை. உச்சிப்பொழுதுக்குள் பொன்னையன் தன் கையாலேயே கல்லைப் பிடுங்கிப் பிள்ளை சொன்ன இடத்தில் நட்டான். பிள்ளை என் காதில் சொன்னார்: "வெட்டுகத்தி கொண்டு வந்தவனை எத்தனையோ பேரைப் பாத்தாச்சு. புத்தகம் கொண்டு வந்தவனை இப்பத்தான் வே பாக்கேன்."

நான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உன்
தங்கையன்


மஸ்கட்,
20 மே 1993

ஜிஜி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மூத்திரம் போன இடத்தில் பக்கத்து அறையிலிருந்துகூட ஓடி வந்தார்கள். ராத்திரி தனியாகப் படுத்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் வார்டில் ஏ.சி. குளிர் தாங்காமல், டாக்டர் நாற்காலியில் விட்டுப்போன வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். காலையில் என் மேல் சோற்றுத் தட்டை எறிந்த ஒரு நோயாளியின் மகன் எழுந்து நின்று "டாக்டர்" என்றான். நான் அவனைத் திட்டினேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. இனிப்பாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுத் திரும்பத் திரும்ப மணி அடித்தார். நான் போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். நரம்பில் குத்தியிருந்த ஊசி பிய்ந்து, போர்வை முழுக்க ரத்தம். அந்தக் கிழவர் கோபப்படவில்லை. "ஸாரி டாக்டர்" என்றார்.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரத்தத்தைத் துடைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை குளிரடித்தாலும் தொடுவதில்லை. கோட்டுக்கு ஒரு ஆணி உண்டு. நீங்கள் அந்த முகத்தை எங்கே கழற்றி மாட்டுவீர்கள்?

இங்கே ஒரு சர்ஜன் தழும்புகளைத் திறந்து நூல் தெரியாமல் தைக்கிறவர். அவரிடம் பேசிவிட்டேன். டிசம்பர் லீவில் நான் வந்து உங்களையும் ஜிஜியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். முகம் சரியானதும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கலாம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஜிஜிக்கு அம்மா முகம் மறப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

அதுவரை எந்த நாற்காலியிலும் உட்கார வேண்டாம். பிள்ளை வந்தால் வயிற்றுப்போக்கு என்று சொல்லுங்கள்.

ஸ்ரீகுமாரி


மேலேவிளை,
18 ஜூலை 1993

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேரம் கிடைப்பதில்லை. வழி, வேலி, கிணறு, ஒரு கல்யாண நிச்சயம் வரை உட்கார்ந்தாயிற்று. இடத்துக்குத் தக்க உடை வேண்டும் என்று பிள்ளை சொன்னதால் இரட்டை வேட்டி எடுத்தேன். மீசையை வளர விட்டிருக்கிறேன். பிறர் வீட்டு நாற்காலிகள் ஆடுகின்றன. அதனால் கைவைத்த தேக்கு நாற்காலி ஒன்று சொந்தமாகச் செய்து, போகும் இடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோகிறேன்.

டுட்டோரியலில் ஒரு பையன் சிரித்தான். எதற்கென்று கேட்கவில்லை. அடித்தேன். செவியில் ரத்தம் வந்தது. மறுநாள் அவன் அப்பா வந்து, மகன் சிரித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கல்வி முறையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். முகத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் விஷயம். தழும்பைப் பற்றி அவசரம் எதுவும் இல்லை. யோசிப்போம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பொன்னையன் தாலுகா சர்வேயரைக் கூட்டிவந்து மறுபடியும் அளக்க வைத்தான். பிள்ளைக்காக நான் போய் உட்கார்ந்தேன். ஊர் பாதி வேலிக்கு வெளியே நின்றது. மாமனுக்காக ராஜதாஸும் வந்திருந்தான். நான் புத்தகத்தைத் திறந்தேன். அவன் சிரித்துக்கொண்டே நேராக நாற்காலிக்கு வந்தான்.

"என்ன சாரே, இது என்ன வேசம்? எலே, எல்லாவனும் கேளுங்க. இவரு சொல்லுவது நேருதான். ஆண்டனாவாக்கும் கிழிச்சது. நான் எனக்க கண்ணால கண்டேன். ரத்தத்தப் பாத்து மயங்கிப் போனாரு. நானாக்கும் கொச்சுப் பிள்ளையப் போல தூக்கிட்டுப் போனேன். இவருக்கா பயப்படுதீங்க?"

சொல்லிவிட்டு என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினான். வேலிக்கு வெளியே யாரோ ஆடு மாதிரி கத்தினார்கள்.

அளக்கிற இரும்புச் சங்கிலி நாற்காலி அருகே கிடந்தது. பிறகு அது என் கையில் இருந்தது. பிறகு ராஜதாஸ் கீழே இருந்தான். சங்கிலியின் நுனியில் பித்தளைப் பிடி ஒன்று உண்டு. அது அவன் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு விழுந்தவை கையிலும் விலாவிலும்தான். "போரும் வே, போரும்" என்று பிள்ளை என் வேட்டியைப் பிடித்து இழுத்தபோது நிறுத்தினேன். கல்லின் மேல், சங்கிலியின் மேல், புத்தகத்தின் மேல் ரத்தம். எனக்கு மயக்கம் வரவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து நான் ஊராரிடம் சொல்லி வந்த உண்மையை ஒருவன் நம்பினான். அவனுடைய வலது கண் போய்விட்டது.

கல் இப்போது பிள்ளை சொன்ன இடத்திலேயே இருக்கிறது. ஜிஜி சுகம்.

தங்கையன்


மஸ்கட்,
3 ஆகஸ்ட் 1993

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இரண்டிலும் ராஜதாஸ் என்று ஒருவன் வருகிறான். ஒன்றில் நிக்கரோடு நிற்கிறான். எழுத்து இரண்டிலும் ஒரே அழகு.

ஸ்ரீகலாவிடம் போனீர்களா? ஆஸ்பத்திரியில் யார் பார்க்கிறார்கள்? ஜிஜி எங்கே சாப்பிடுகிறாள்? எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எனக்குப் பேசுங்கள். எழுத வேண்டாம். உங்கள் எழுத்தில் யாருக்கும் வலிப்பதில்லை.

ஸ்ரீகுமாரி


மேலேவிளை,
30 ஆகஸ்ட் 1993

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு,

பூத்தில் நான் நுழைந்தால் வரிசையில் நிற்பவர்கள் கலைந்துபோகிறார்கள். ஆளில்லாத பூத்தில் பேச எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்ட போட்டோ இத்துடன். ஸ்டூடியோக்காரன் பழக்கதோஷத்தில் தழும்பைப் பென்சிலால் மறைக்கப் போனான். கையைப் பிடித்தேன். நல்ல பையன், மறைக்கிற பென்சிலாலேயே இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கித் தந்தான்.

ராஜதாஸின் சொந்தக்காரர்கள் ஒரு விடியற்காலையில் நம் நாய் டைகரை இரண்டு துண்டாக்கிக் கேட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். இதற்குப் பதில் சொல்லாவிட்டால் நாளை நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பயனில்லை. அன்றே ஆட்களோடு போனேன். பொன்னையனின் வலது கை இனி வெட்டுகத்தி பிடிக்காது. அவன் மாட்டுத்தொழுத்து எரிந்தது. மாடுகளை முதலில் அவிழ்த்துவிடச் சொன்னது நான்தான் என்பதையும் எழுத வேண்டும்.

ஜிஜி இப்போது சாயாக்கடையில் சாப்பிடுகிறாள். வேதமணி அவளுக்கு மட்டும் இலை போட்டுப் பரிமாறுகிறான். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் வீட்டுப்பாடம் கேட்பதில்லை. கேட்டால் அப்பாவிடம் சொல்வேன் என்கிறாளாம். மூன்றாம் வகுப்பிலேயே இந்த நிர்வாகத்திறன் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சிவப்புப் பேனாவால் தன் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து உதடு வரை கோடு போட்டுக்கொண்டு, பாதி வழியில் அந்தத் திருப்பம் உட்பட, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். இடைவேளையில் ராஜதாஸின் மகள் ஸ்மிதாவைச் சுவரோரம் நிறுத்தி, "உனக்க அப்பனுக்கு ஒரு கண்ணு. உனக்கு எதுக்குட்டி ரண்டு?" என்று கேட்டுக் குடைக்கம்பியால் குத்தினாள். ஸ்மிதா தலையைத் திருப்பிக்கொண்டதால் கன்னத்தோடு போயிற்று. தையல் போட்டிருக்கிறார்கள். ஆசிரியை அழுதுகொண்டே ஜிஜியைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். என்னைக் கண்டதும், "பிள்ளைகளுக்க வெளையாட்டாக்கும் சாரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜிஜியை அடிக்க வேண்டும் என்றுதான் கையை ஓங்கினேன். அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை இறக்கிவிட்டேன். வசனம் நன்றாகத்தான் இருந்தது.

தங்கையன்


ஆரியங்கோடு,
27 செப்டம்பர் 1993

ஜிஜி அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். அவசர லீவு எடுத்து வெள்ளிக்கிழமை வந்தேன். ஜிஜி என்னோடு ஜெயன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தேட ஆள் அனுப்ப வேண்டாம்.

பாறசாலையில் ஆட்டோக்காரரிடம் மேலேவிளை என்றேன். யார் வீடு என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். கூலி வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாங்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருந்தது. வீட்டில் நீங்கள் இல்லை. எங்கோ உட்காரப் போயிருந்தீர்கள். வாசற்படியில் ஒரு பெண்பிள்ளை காலை விரித்து நின்று, இடுப்பில் கை வைத்து, "ஆரு? என்ன வேணும்? அப்பா இல்லாத்தப்ப ஆரும் கேட்டுக்குள்ள வரப்பிடாது எண்ணு தெரியாதா?" என்றது. பின்னால் திண்டில் வெட்டுகத்தி இருந்தது. என் மகள் என்னை அடையாளம் கண்டுகொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தில், நான் அந்தக் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்து சோப்புப் போட்டு அவள் கன்னத்தைக் கழுவினேன். மை போய்விட்டது. கோடு போகவில்லை. மேலும் மேலும் பேனாவால் கீறித் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. இதை நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை பார்க்கவில்லை.

சனிக்கிழமை ராஜதாஸைப் பார்க்கப் போனேன். ஸ்ரீகலா என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். உங்கள் மனைவி என்பதற்காக, ஸ்ரீகலா எனக்கு எழுந்து நின்றாள். ஸ்மிதா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

போலீசில் என்ன சொன்னீர்கள் என்று ராஜதாஸிடம் கேட்டேன். "ஆண்டனா கட்டப் போயி விழுந்தேன் எண்ணு எழுதிக் கொடுத்தாச்சு அக்கா. அவங்களும் அத அப்பிடியே எழுதிக்கிட்டாங்க. இந்தத் தடவ நம்பிட்டாங்க" என்றான். நான் கிளம்பும்போது, "சாருக்க டி.வி.யில படம் இப்ப கிட்டுதா? மழைக்கு ஆண்டனா தெற்கோட்டு சாஞ்சிருக்கும்" என்றான். நான் அனுப்பிய வேட்டி கட்டில்மேல் மடித்தபடி இருந்தது. அவன் கண்ணிலிருந்து வடிவதை அதில்தான் துடைக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய், "ராஜதாஸை அடித்தது நான்தான்" என்று சொல்லுங்கள். அதற்குரியதை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெயில் என்றால் நான் ஜிஜியை அழைத்துக்கொண்டு வந்து கம்பிக்கு வெளியே நிற்பேன், எத்தனை வருஷமானாலும். முகத்தையும் பிறகு சரிசெய்யலாம். இதைச் செய்யாமல் ஜிஜியைக் கேட்டு வராதீர்கள்.

நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதருக்குக் கோழி அறுத்தால் தலைசுற்றும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீகுமாரி


மேலேவிளை,
2 அக்டோபர் 1993

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். நீ சொன்னதில் நியாயம் இருந்ததால் நேற்றே செய்தேன்.

முதலில் மீசையை எடுத்தேன். பழைய ஆள் மாதிரி தெரிய வேண்டும் என்ற எண்ணம். தழும்பின் கடைசிப் பாகம் இத்தனை நாளும் மீசைக்கு அடியில் இருந்திருக்கிறது. மீசை போனதும் அது உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. முடிவெட்டுகிறவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். டுட்டோரியலுக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையைப் போட்டேன். நாற்காலி எடுக்கவில்லை. புத்தகம் எடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போக நினைத்தேன். ஒரு இருக்கை வரிசையே காலியாயிற்று.

ஸ்டேஷனில் எஸ்.ஐ.யின் முன்னால் நின்று, நீ எழுதித் தந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். "ராஜதாஸை அடித்தது நான்தான்."

அவர் எழுந்துவிட்டார். "சாரே, இதுக்காக நீங்க நடந்து வரணுமா? அவன் ஆண்டனா எண்ணு ஒப்பு போட்டுத் தந்தாச்சு. கேசே இல்ல. நீங்க எதுக்கு இல்லாத்தது பறையணும்?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அறையில் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். சாயா வந்தது. நாற்காலி போட்டார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்திருக்கலாம். அதைப் பற்றி வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் போட்ட நாற்காலியில் உட்காராமல் நிற்பது எப்படி என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. உட்கார்ந்தேன். அவர் தன் மாமனார் வீட்டு அதிர்க்கல்லைப் பற்றிச் சொன்னார். திங்கள்கிழமை போக வேண்டும்.

நீ கேட்டதை நான் செய்துவிட்டேன் என்பதை இதன் மூலம் அறியவும். இனி என் பங்குக்கு நான் ஒன்று கேட்பதில் தவறில்லை. ஜிஜி என் மகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் இங்கே இருக்க வேண்டும். ஜெயன் நல்ல மனிதன். ரப்பரும் வீடும் பெண்டாட்டி பிள்ளைகளும் உள்ளவன். அவனை இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

அவள் வரவில்லையென்றால் நான் ஆரியங்கோட்டுக்கு வருவேன். பயப்பட ஒன்றும் இல்லை. யாரையும் தொட மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அண்ணன் வீட்டுக் கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

அவ்வளவுதான். சும்மா இருப்பேன்.

என்றும் அன்புள்ள
தங்கையன்